முதல் பக்கம் மட்டும் தேய்ந்த ரெக்கார்டு

கும்பகோணத்து வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடந்த மாமாவின் எல்பிக்களை எல்லாம் அத்தை எனக்கே கொடுத்துவிட்டார். "நீயாவது போட்டுக் கேளுடா, இங்க கெடந்தா கரையான்தான் திங்கும்" என்றார். அந்தக் குவியலில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் ஒரு கனமான அட்டைப்பெட்டி இருந்தது. அட்டையில் ஒரு குழந்தை, எலும்பும் தோலுமாக, உடம்பில் துணியில்லாமல், காலித் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்க்கப் பயந்து பெட்டியைக் கவிழ்த்து வைத்தது ஞாபகம் வந்தது.

'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. உள்ளே 3 இசைத்தட்டுகள், 64 பக்கத்துப் படப் புத்தகம்.

மாமா 1971இல் கல்கத்தாவில் வேலையில் இருந்தார். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய பங்களாதேஷிலிருந்து, எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு முகாமில் இடம் போதாமல், சால்ட் லேக் பக்கம் போட்டிருந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்ததை அவர் நேரில் பார்த்தவர். ஒரு குழாயின் வாயில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாளாம், உள்ளே பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்குமாம். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தணிந்துவிடும். அந்த வருஷ முடிவுக்குள் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். அதற்கு முந்தைய நவம்பரில்தான் போலா புயல் அந்த மண்ணை அழித்திருந்தது, 1971 மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவத்தின் படுகொலை தொடங்கியது. ரெக்கார்டை மாமா பின்னாளில் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழசாக வாங்கினாராம்.

சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் இந்த அகதிகளுக்காக முதலில் 25,000 டாலர் திரட்டினால் போதும் என்றுதான் நினைத்தார். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் போய் நின்றார். ஹாரிசனுக்கு அப்போது 28 வயது, அவர் இருந்த பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தெரிந்தவர்களை எல்லாம் தொலைபேசியில் பிடித்து, சில வாரங்களிலேயே ஏற்பாடு செய்து, 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்திவிட்டார். இரண்டுக்கும் சேர்த்து சுமார் 40,000 பேர் வந்தார்கள்.

சரி, ரெக்கார்டுக்கு வருகிறேன். தட்டுகளைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஐந்து பக்கங்கள் கருகருவென்று மின்னுகின்றன, முதல் பக்கம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் மாமா போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறார். ராக் ரசிகர்கள் பலர் தாண்டிப் போகிற பக்கம் அது. ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா, கமலா சக்ரவர்த்தி தம்பூரா.

ஊசியை வைத்தேன். கரகரப்புக்கு நடுவே ரவிசங்கரின் குரல், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், வாசிக்கும்போது சிகரெட் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அப்புறம் சுருதி சேர்க்கிறார்கள். ஒன்றரை நிமிஷம் போல. முடிந்ததும் அரங்கமே கைதட்டுகிறது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிறார் அவர். இதை அந்தக் கூட்டத்தின் அறியாமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சுருதி என்று தெரியும், அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெரியாத இசைக்கு அத்தனை ஆயிரம் பேர் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த அமைதி ரெக்கார்டில் பதிவாகியிருக்கிறது.

அதன் பிறகு வருகிற கால் மணி நேரத்துக்கும் மேலான வாசிப்புதான் எனக்கு இந்த மொத்தப் பெட்டியின் உயிர். வங்காள நாட்டுப்புற மெட்டு. சிதார் ஒரு வரி சொல்ல, சரோத் அதைக் கனத்த குரலில் திருப்பிச் சொல்ல, கடைசியில் வேகம் ஏறி இரண்டும் தபலாவோடு மோதிக்கொள்ளும் இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது. அலி அக்பர் கான் பிறந்தது கிழக்கு வங்காளத்தில். இருவருக்கும் குருவான அவருடைய அப்பா அலாவுதீன் கானின் ஊரும் அங்கேதான். சொந்த மண் எரிந்துகொண்டிருக்கும்போது வாசித்த வாசிப்பு இது.

மற்ற பக்கங்களிலும் நல்லவை இருக்கின்றன. லியோன் ரஸல் மேடையைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுகிறார், பில்லி பிரஸ்டன் கோயிலில் பாடுவதுபோல் பாடுகிறார். பாப் டிலன் வருவாரா மாட்டாரா என்று கடைசி வரை தெரியாமல், ஹாரிசன் தன் கிதாரில் ஒட்டியிருந்த பட்டியலில் 'பாப்?' என்று கேள்விக்குறியோடுதான் எழுதி வைத்திருந்தார். வந்தார், ஒரு முழுப் பக்கத்துக்குப் பாடினார்.

பணத்தின் கதை மட்டும் இன்னும் மனசை அறுக்கிறது. டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ரெக்கார்டு விற்ற பணமோ, முன்கூட்டி வரிவிலக்கு வாங்கி வைக்காத காரணத்தால் அமெரிக்க வரித் துறையிடம் பல வருஷம் முடங்கியது. ரெக்கார்டு வெளிவருவதே கம்பெனிகளின் பேரத்தில் தள்ளிப்போய், அமெரிக்காவில் 1971 டிசம்பர் 20ஆம் தேதிதான் வந்தது. டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. குழாய்க்குள் படுத்திருந்த பிள்ளைகளுக்கு இந்தப் பணம் சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை, அதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் ஆகஸ்டில் எந்த நாடும் அங்கீகரிக்காத பங்களாதேஷ் என்ற பெயரை அந்த மேடை ஒரே நாளில் உலகத்தின் காதில் போட்டது என்பதும் உண்மை. அட்டைப்படம் ரொம்ப சோகமாக இருக்கிறது, விற்காது என்று கம்பெனி தயங்கியபோது ஹாரிசன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குழந்தையே அட்டையில் நின்றது.

முதல் பக்கத்தின் நடுவில் ஒரு கீறல் இருக்கிறது. சரோத் பேசத் தொடங்கும் இடத்தில் ஊசி அதில் ஏறி இறங்கும்போது டக் டக்கென்று நாலைந்து தடவை சத்தம் வருகிறது. நேற்று ராத்திரி அத்தையிடம் ஃபோனில் அதை அப்படியே கேட்க வைத்தேன். "அந்த டக் டக் வந்ததும் உங்க மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போயிடுவார்டா" என்றார்.