தாத்தா எந்தக் கையால் சாப்பிட்டார்?

போன வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 58. காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். வாய் கோணியவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கவே கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கார் பிடித்துத் தஞ்சாவூர் போவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் போய்விட்டது.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன்.

அப்பாவைப் பார்க்க வந்த பெரிய அத்தை, "ஒங்க தாத்தாவும் இப்படித்தானே திண்ணையில கெடந்தாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'காத்து அடிச்சிடுச்சு'. பக்கவாதம் என்று யாரும் சொன்னதே இல்லை.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயதில், பிரஷர், சர்க்கரை, புகையிலை இருந்ததா என்று. "பக்கவாதம் வந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். அதனால் "கடைசியில் எந்தக் கையால் சாப்பிட்டார்?" என்று கேட்டேன். "சோத்துக் கைதான் வெளங்காமப் போச்சே, அம்மாதான் பெசஞ்சு ஊட்டும்" என்றார் பெரிய அத்தை. இப்படித்தான் தாத்தாவும் சின்ன அத்தையும் நோட்டில் ஏறினார்கள். இரண்டு பேருமே பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள்.

நோட்டைப் பார்த்த மருத்துவர், 65 வயதுக்கு முன்னால் பெற்றோருக்கு வந்திருந்தால் பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு வயது 36. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார்கள்: 154/98. வேறு வேறு நாளில் பார்த்தும் இறங்கவில்லை. சர்க்கரை, கொழுப்பு, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஈசிஜி, எல்லாம் எடுத்தார்கள். அவை சரி. பிரஷருக்கு மட்டும் தினமும் ஒரு மாத்திரை.

உப்பைக் குறைப்பதுதான் பெரும்பாடு. பழைய சோற்றுக்கு உப்பு நார்த்தங்காய் இல்லாமல் எங்கள் வீட்டில் விடிந்ததில்லை. இப்போது சின்ன வெங்காயம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரஷர் பார்த்துவிட்டார். திருப்பூரில் இருக்கும் தம்பி மட்டும்தான் பாக்கி. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். "எனக்கென்னக்கா, 31 வயசுதானே" என்றான். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் குழறிக் குழறி ரெண்டு வார்த்தை பேசினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.