கமாரோவை விற்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

ஒருவழியாக என் 1969 செவர்லே கமாரோ கார் போன வாரம் கைமாறிவிட்டது. மிச்சிகனில் இந்த மாதிரி வண்டியை விற்க நினைக்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முன்பு வைத்திருந்தவர் மைலன் டிராக் ஸ்ட்ரிப்பில் (கால் மைல் நேர்ப்பாதையில் ரேஸ் ஓட்டும் களம்) ஓட்டவென்றே இழைத்து இழைத்துக் கட்டிய வண்டி. 454 கன அங்குல பிக் பிளாக் (பெரிய வகை) இன்ஜின், நீளம் குறைத்த ஃபோர்டு 9 இன்ச் பின் அச்சு, வண்டி உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்க் கூண்டு. அகல டயருக்காகப் பின்பக்கத் தகரத்தை வெட்டி உள்ளே தள்ளியிருந்தார். கால் மைலுக்கு 9.8 வினாடி. விற்கும்போது வில்லங்கமே இப்படி மாற்றிக் கட்டியதுதான். ஒரிஜினல் தேடி வருபவர்கள் வெட்டிய தகரத்தைக் கண்டதும் நடையைக் கட்டுகிறார்கள். ரேஸ்காரர்களோ இன்ஜினுக்கும் அச்சுக்கும் மட்டும் விலை பேசுகிறார்கள். கட்டிய செலவை ரசீது போட்டுக் காட்டினால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள்.

"ரேஸில் ஓடியதற்கு என்ன அத்தாட்சி?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதே காலத்து மஸ்டாங் என்றால் ஃபோர்டின் பழைய பதிவேட்டை வைத்து, ஆலையிலிருந்து வண்டி எப்படி வந்தது என்று சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட்டையாவது வாங்கிக் காட்டலாம். கமாரோவுக்கு அப்படி ஒன்று கிடையாது. 69 கமாரோவின் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) வி8 இன்ஜின் கூபே என்று சொல்லும், எந்த ஆலை என்று சொல்லும். இசட்/28 என்ற அதிவேக வகையா இல்லையா என்றுகூடச் சொல்லாது. எனக்குக் கைகொடுத்தது பழைய சொந்தக்காரர் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்திருந்த டைம் ஸ்லிப்புகள், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் களத்தில் தரும் நேரச் சீட்டுகள். தேதி, முதல் 60 அடிக்கான நேரம், மொத்த நேரம், வேகம் எல்லாம் மங்கலாகவாவது தெரிந்தன. உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள், அந்தக் காகிதம் வெளுத்துப் போகும். அப்புறம், கால் மைலை 9.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு என்.எச்.ஆர்.ஏ. (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) தரும் சேசிஸ் சான்றிதழ் வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. விற்பதற்கு முன்பே புது ஸ்டிக்கர் ஒட்டவைத்தேன். போட்ட காசு வீண் போகவில்லை.

உண்மையான கூத்து டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில். கடனை எப்போதோ அடைத்தாகிவிட்டது, ஆனால் டைட்டிலில் லீன் (கடன் கொடுத்தவரின் உரிமைப் பதிவு) அப்படியே நின்றது. கடன் கொடுத்த இடத்தில் ரிலீஸ் கடிதம் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் வின் நம்பரைத் தட்டிவிட்டு, "நாலு இலக்கம் குறைகிறதே" என்றார். 17 இலக்க நம்பர் 1981 மாடலிலிருந்துதான், இதற்கு 13தான் என்று விளக்கினேன். விண்ட்ஷீல்டு வழியாகத் தெரியும் தகட்டின் படத்தையும் காட்டினேன். "சிஸ்டம் ஏற்கவில்லை, மீதி நாலு இலக்கத்தோடு வாருங்கள்" என்றார், கொஞ்சமும் அசராமல். மறுபடி போனபோது முன்னால் நாலு பூஜ்ஜியம் சேர்த்த கடிதம் ஒன்று கொடுத்தார்கள். டைட்டிலில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போகாதே! கடைசியில் உள்ளே இருந்த வயதான மேலாளர் ஒருவர் லெட்டர்ஹெட்டில் தானே டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழைய வண்டிக்குக் கடன் பாக்கி இல்லை என்றால், விளம்பரம் போடும் முன்பே லீனை நீக்கிவிடுங்கள். வாங்குபவரை நிற்கவைத்துக்கொண்டு இதற்கு அலைய முடியாது.

இடையில் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்கு மேல் கேஷியர்ஸ் செக் (வங்கியே தரும் செக்) அனுப்புவதாகவும், மிச்சப் பணத்தை வண்டி ஏற்ற வருபவரிடம் கொடுக்கும்படியும் சொன்னார். அந்த வலையில் விழாதீர்கள். கணக்கில் பணம் காட்டும். செக் போலி என்று தெரிந்ததும் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வாங்கியவர் ஓஹாயோக்காரர், வாராவாரம் பிராக்கெட் ரேஸ் (தான் முன்கூட்டிச் சொன்ன நேரத்தை ஒட்டி ஓட்டும் டிராக் ரேஸ்) ஓட்டுபவர். பெயின்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே கீழே படுத்து ரோல் கேஜ் வெல்டிங்கை டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு டைம் ஸ்லிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இன்ஜினைச் சூடாக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டுமாம். ஆனது. பேரம் பத்து நிமிடம்கூடப் போகவில்லை, நான் மனதில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது.

பணத்தை என் வங்கியில் வைத்தே வயர் செய்யவைத்தேன். டைட்டிலில் அடித்தல் திருத்தம் கூடாது, வொய்ட்னர் பட்டால் அது செல்லாது. மிச்சிகனில் நம்பர் பிளேட் விற்பவருக்குத்தான், டிரெய்லரில் ஏற்றும் முன் கழற்றிக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்திட்ட டைட்டிலை நகல் எடுத்த பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்தினேன்.