போஹுஷோவிட்சேவில் இறங்கி நடந்தேன்

செக் தலைநகர் பிராக்கிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசினுக்கு நேராகப் பஸ் இருக்கிறது. ஹோலெஷோவிட்சே நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். நான் பஸ்ஸில் போகவில்லை. ரயிலேறி, போஹுஷோவிட்சே என்ற சிறிய நிலையத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்துதான் கடக்க வேண்டும் என்று சென்னையிலேயே முடிவு செய்திருந்தேன். ஜனவரிக் கடைசியில் போக வேண்டும் என்பதும் அப்போதே எடுத்த முடிவுதான்.

ஒரு பெண்ணுக்காகத்தான் இந்தப் பயணம். சுசானா ரூஷிச்கோவா. ஹார்ப்சிகார்ட் கலைஞர். இன்றைய செக் குடியரசின் பில்சன் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில், 1927 ஜனவரி 14 அன்று பிறந்தவர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய விசைப்பலகை இசை முழுவதையும் ஒலிப்பதிவு செய்த முதல் மனிதர்.

ஹார்ப்சிகார்ட் பார்வைக்குப் பியானோவின் தம்பி போல இருக்கும். ஆனால் ஒலி பிறக்கும் விதம் வேறு. பியானோவில் சுத்தி தந்தியை அடிக்கிறது. இதில் இறகுத் தண்டு போன்ற ஒரு சிறு முள் தந்தியை மீட்டிவிட்டு விலகுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் வீணை பயின்ற என் காதுக்கு அது முதல் கேட்பிலேயே சொந்தமாகிப்போனது. சில ஆண்டுகளுக்கு முன் சிக்குன்குனியா வந்து விரல் மூட்டுகள் இறுகி, பல மாதங்கள் வீணையைத் தொட முடியாமல் கிடந்தேன். அந்த நாள்களில்தான் இவருடைய வாசிப்பை இரவும் பகலும் கேட்டேன். அந்தக் கைகளுக்கு நேர்ந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகு. என் மூட்டுவலியை அதன் அருகில் வைத்துப் பேசவே கூடாது. ஆனாலும் என்னை அவரிடம் அழைத்துப் போனது அந்த வலிதான்.

போஹுஷோவிட்சேவில் என்னோடு இரண்டே பேர் இறங்கினார்கள். சாலை சமதரை. இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள், வரப்போரங்களில் பழைய பனி. தெரெசினுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். தெரெசின் வரைக்கும் தண்டவாளம் போடப்பட்டது 1943 ஜூனில்தான். அதைப் போட்டவர்களும் கைதிகளே. அதற்கு முன் கொண்டுவரப்பட்டவர்கள் எல்லோரும் இந்த நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு நடந்தார்கள். ஆளுக்கு ஐம்பது கிலோ வரை கொண்டுவரலாம் என்று அனுமதி. ஐம்பது கிலோவை எந்தக் கிழவரால் மூன்று கிலோமீட்டர் சுமக்க முடியும்?

பில்சன் யூதர்களை 1942 ஜனவரியில், ஒரே மாதத்துக்குள், மூன்று ரயில்களில் அனுப்பி முடித்துவிட்டார்கள். 2,600க்கும் மேற்பட்டவர்கள். சுசானாவும் பெற்றோரும் அவர்களுக்குள் இருந்தார்கள். சில நாள்களுக்கு முன்புதான் அவருக்குப் பதினைந்து வயது நிறைந்திருந்தது.

அந்தப் பதினைந்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நோஞ்சான் குழந்தையாக இருந்தவர், பெரிய நோயிலிருந்து தேறியபோது பரிசாகக் கேட்டது பியானோ வகுப்பு. ஆசிரியை மாரி ப்ரொவாஸ்னிகோவா, இந்தப் பெண் பாக் மீது கொண்டிருந்த பித்தைப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஏற்ற கருவி ஹார்ப்சிகார்ட்தான் என்று தீர்மானித்தார். அந்தக் காலத்தில் அந்தக் கருவியின் பேரரசி வாண்டா லாந்தோவ்ஸ்கா. போலந்தில் பிறந்த யூதர். பாரிஸுக்கு வெளியே சான்-லூ-லா-ஃபொரே என்ற ஊரில் பள்ளி நடத்திவந்தார். ஆசிரியை அவருக்குக் கடிதம் எழுதினார். கட்டாயப் பள்ளிப்படிப்பு பதினைந்து வயதில் முடிந்ததும் மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக ஒப்புதல் வந்தது. பதினைந்து வயதும் வந்தது. நான் இப்போது நடந்துகொண்டிருந்த இந்தச் சாலையும் வந்தது.

தெரெசினுக்குள் நுழையும்போது முதலில் தெரிவது கோட்டையின் செங்கல் மதில்கள். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1780களில் கட்டி, தாய் மரியா தெரேசாவின் பெயரைச் சூட்டிய படைநகரம். தெருக்கள் கோடு போட்டதைப் போல நேராக ஓடுகின்றன. போருக்கு முன், சிப்பாய்களையும் சேர்த்து ஏழாயிரம் பேர் வாழ்ந்த ஊரில், 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்துவைத்திருந்தார்கள். இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஜன்னலில் திரைச்சீலை, வாசலில் சைக்கிள், ரொட்டிப் பையோடு போகும் ஒரு மூதாட்டி. அந்தக் கட்டடங்களில் குடியிருக்க எப்படி மனம் வருகிறது என்று முதல் ஒரு மணி நேரம் கோபமாகக்கூட இருந்தது. அவர்களுக்கும் வாழ ஓர் இடம் வேண்டுமே என்ற நினைப்பு பிறகுதான் வந்தது.

கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்பு) அருங்காட்சியகம், அன்று சிறுவர்களை அடைத்துவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அது திறக்கப்பட்டது 1991இல். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அதே கட்டடத்தில் காவல் படையின் பெருமை பாடும் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழந்தைகளின் பெயரைச் சொல்ல இந்த ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இங்கே ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். 87,000க்கும் மேற்பட்டவர்களைக் கிழக்கே அனுப்பினார்கள். சுசானாவின் தந்தை 1943இல் இங்கேயே இறந்துபோனார். பில்சனில் பொம்மைக் கடை வைத்திருந்தவர். மகள் இங்கேயும் இசையை விடவில்லை. கைதியாக இருந்த இளம் இசையமைப்பாளர் கிடியோன் க்ளைனிடம் இசையிலக்கணம் படித்தார். அந்த ஆசிரியரை 1945 ஜனவரியில் கொன்றார்கள். வயது 25.

நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படப்போகிறோம் என்று தெரிந்தபோது, பாக்கின் 'இங்லிஷ் சூட்' என்ற நடன இசைத் தொகுப்புகளில் ஐந்தாவதிலிருந்து ஒரு சரபாந்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார் சுசானா. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெதுவாகப் போகும் நடனம் அது. என்ன நடந்தாலும் பாக்கின் ஒரு துளியாவது தன்னோடு இருக்க வேண்டும் என்பதற்காக. 1943 டிசம்பர். வண்டியில் ஏற்றிய கலவரத்தில் காற்று அந்தக் காகிதத்தைப் பறித்துக்கொண்டு போக, தாய் அதன் பின்னே ஓடினார். ஓஹ்ரே ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு அந்த ஓட்டம்தான் கண்ணில் நின்றது. இதே ஆற்றில்தான் 1944 நவம்பரில், இங்கே எரிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 22,000 பேரின் சாம்பலை அள்ளிக் கொட்டினார்கள். கணக்குக்கூட மிஞ்சக் கூடாது என்று.

இந்தப் பயணத்தில் நான் ஆஷ்விட்ஸுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த பதினாறு மாதங்களை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில், தெரெசினிலிருந்து வந்தவர்களை வைத்திருந்த குடும்ப முகாமில், ஃபிரெடி ஹிர்ஷ் என்ற இளைஞர் குழந்தைகளுக்காக ஒரு கொட்டகையைப் பெற்று, பாடமும் பாட்டும் விளையாட்டும் நடத்திவந்தார். சுசானா அங்கே துணையாக வேலை செய்தார். அவருக்கு முன்னால் செப்டம்பரில் வந்தவர்களில் கிட்டத்தட்ட 3,800 பேரை 1944 மார்ச் 8 இரவு விஷவாயு அறையில் கொன்றார்கள். ஹிர்ஷும் அன்று இறந்தார். டிசம்பரில் வந்தவர்களின் பதிவேட்டில், அவர்களையும் கொல்வதற்கு ஆறு மாதம் என்று கெடு குறித்திருந்தது. ஜூலையில் அந்த முகாமைக் கலைத்தபோது, உடல் வலு இருக்கிறது என்று பொறுக்கியெடுத்த பெண்களை ஹாம்பர்க் நகருக்கு அனுப்பினார்கள். தாயும் மகளும் அதில் ஒன்றாகப் போனார்கள். குண்டுவீச்சின் இடிபாடுகளை அகற்றுவது, குழி வெட்டுவது, செங்கல் சுமப்பது. உறை இல்லாத கைகளோடு. பிறகு ஜெர்மனியிலேயே இருந்த பெர்கன்-பெல்சன் முகாம். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே வந்தபோது, புதைக்கப்படாத பிணங்களே பதின்மூவாயிரம் கிடந்தன. விடுதலைக்குப் பிறகும் அங்கே ஏறத்தாழ அதே அளவு பேர் இறந்தார்கள். சுசானாவும் தாயும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் பில்சனுக்கு ரயில் ஏறினேன். என் பயணத்தின் உண்மையான இலக்கு அந்த ஊர்தான். முகாம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விடுதலை நாளோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு மறுநாள் காலைதான் வேண்டும். வீடு திரும்புகிறவர் முதலில் எந்தத் தெருவில் திரும்பினார், யார் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதுதான் வேண்டும்.

பில்சன் பெரிய ஊர், தொழில் நகரம். மையச் சதுக்கத்தில் புனித பர்தலோமேயு தேவாலயத்தின் கோபுரம் 102 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சிறிது தூரம் நடந்தால் 1893இல் திறந்த பெரிய யூதத் தொழுகைக்கூடம். ஐரோப்பாவில் இதைவிடப் பெரியது புடாபெஸ்டில் இருப்பது மட்டும்தான். செந்நிறச் சுவர்கள், வெங்காய வடிவக் கூம்புகளோடு இரட்டைக் கோபுரங்கள். போர்க்காலத்தில் கிடங்காகப் பயன்பட்டதால் இடிபடாமல் தப்பியது. இத்தனை பெரிய கூடம் கட்டும் அளவுக்கு இந்த ஊரில் யூதர்கள் இருந்தார்கள். அனுப்பப்பட்ட 2,600 பேரில் திரும்பியவர்கள் இருநூற்றுச் சொச்சம்.

இடிந்துபோன சிறிய தொழுகைக்கூடம் ஒன்றின் வெட்டவெளியில் நினைவுத் தோட்டம் இருக்கிறது. கூரை இல்லை. சுவரோரங்களில் கூழாங்கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். ஊர்க்காரர்கள் தம் கையால் எழுதியவை. பல பெயர்கள் மழையில் மங்கிவிட்டன. குனிந்து குனிந்து படித்தேன். செக் உச்சரிப்பு தெரியாமல் ஒவ்வொரு பெயரையும் தப்பும் தவறுமாக, ஆனால் வாய்விட்டுப் படித்தேன்.

இந்த ஊருக்குத்தான் 1945 கோடையில் பதினெட்டு வயதுப் பெண்ணாகச் சுசானா திரும்பிவந்தார். ஆசிரியை ப்ரொவாஸ்னிகோவாவைத் தேடிப் போனார். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஆசிரியை அழுதுவிட்டார். பியானோவை மறந்துவிட்டு வேறு ஏதாவது படி என்பதுதான் அவருக்குக் கிடைத்த அறிவுரை. மூன்றரை ஆண்டு இழப்பு, அதுவும் அந்த வயதில். விரல்கள் வளையவில்லை. அந்தப் பெண் குழந்தைகளுக்கான தொடக்கப் பாடங்களில் போய் உட்கார்ந்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். சில மாதங்கள் விட்டுப்போன பிறகு சரளி வரிசைக்குத் திரும்பியபோது எனக்கு வந்த வெட்கமும் எரிச்சலும் நினைவிருக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததை, தெரியாதவளைப் போல மறுபடி கற்க வேண்டும். மனம் மேல்காலத்தில் ஓடும். விரல் முதல் காலத்திலேயே தடுமாறும். முகாமில் பிழைத்ததை அற்புதம் என்று எழுதுகிறார்கள். ஒரு காகிதம், ஒரு தற்செயல், ஓர் அதிகாரியின் கையசைப்பு எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் தற்செயல் எதுவும் இல்லை. அதை ஒவ்வொரு நாளும் அவரேதான் உட்கார்ந்து செய்தார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

1947இல் பிராக் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1952இல் இசையமைப்பாளர் விக்டர் காலாபிஸ் அவரை மணந்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச் செயலர் ஸ்லான்ஸ்கி மீதும் மற்றவர்கள் மீதும் பொய்க் குற்றம் சாட்டிய ஸ்லான்ஸ்கி வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட பதினான்கு பேரில் பதினொருவர் யூதர்கள். பதினொரு பேரைத் தூக்கிலிட்டார்கள். மீண்டும் யூதர் என்பதே குற்றமாகியிருந்த நாட்டில், ஒரு யூதப் பெண்ணை மணந்த காலாபிஸின் துணிவை நான் வணங்குகிறேன். கணவனும் மனைவியும் கட்சியில் சேர மறுத்தார்கள். அதனால் 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழும் வரையில் சுசானாவை முழுப் பேராசிரியர் ஆக்கவில்லை. வெளிநாடுகளில் வாசிக்க அனுப்பினார்கள். வந்த பணத்தின் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது.

1956இல் மியூனிக் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் அவர் வென்றார். ஜெர்மனியில். பெல்சனிலிருந்து வெளியே வந்து பதினொரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நடுவர்களில் ஒருவரான மார்கரீத் ரோஸ்ஜன்-ஷாம்பியோன் அவரைப் பாரிஸுக்குப் படிக்க அழைத்தார். 1960களிலும் 70களிலும் பாக் முழுவதையும் ஒலிப்பதிவு செய்ய வைத்ததும் ஒரு பிரெஞ்சு நிறுவனமே. 2017 செப்டம்பரில், தொண்ணூறு வயதில், பிராக் நகரில் காலமானார்.

பில்சனிலிருந்து பிராக் திரும்பும் மாலை ரயிலில் அந்தச் சரபாந்தைக் கேட்டேன். அதற்கு இரண்டு பாதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். மறுமுறை வரும்போது அவர் அவசரப்படவே இல்லை.

பாரிஸில் படித்த நாள்களில் அவர் சான்-லூ-லா-ஃபொரேவுக்குப் போய்ப் பார்த்திருப்பாரா என்ற கேள்வி வழி முழுதும் கூடவே வந்தது. லாந்தோவ்ஸ்கா 1940லேயே அங்கிருந்து தப்பி, அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். கருவிகளையும் நூலகத்தையும் நாஜிகள் அள்ளிப் போனார்கள். 1959இல் அமெரிக்காவிலேயே இறந்தார். அவர் திரும்பி வரவில்லை. அறைக்கு வந்ததும் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பாரிஸ் வடக்கு நிலையத்திலிருந்து அந்த ஊருக்குப் புறநகர் ரயில் போகிறது. அடுத்த முறை அதில் ஏறப்போகிறேன்.