டெத் கிளைம் மேசை

ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் டெத் கிளைம் மேசையை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. பாலிசி முடிந்து பணம் தரும் மெச்சூரிட்டி பார்க்கிறவரிடம் ஆட்கள் சிரித்த முகமாக வருவார்கள். என்னிடம் வருகிறவர்கள் ஜவுளிக்கடைப் பையிலிருந்து பாலிசி பாண்டையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கு ஆறுதல் பேச வராது. காகிதத்தைத்தான் பார்ப்பேன். கல்நெஞ்சுக்காரி என்று ஆபீஸில் பேர்.

என் கணவர் போன பிறகு, வேறு செக்‌ஷன் தரட்டுமா என்று மேனேஜர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

துக்கம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; முதலில் அது தூக்கத்தைக் கெடுக்கும், அப்புறம் பிள்ளைகள் மேல் எரிந்துவிழ வைக்கும். விசாரிக்க வந்தவர்கள் சொன்ன 'விதி', 'தைரியம்' எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஒட்டியது ஒன்றுதான். அவருடைய பி.எஃப்., பென்ஷன், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிவம். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வருடக்கணக்காக அடுத்தவர்கள் நிரப்பித் தந்து நான் சரிபார்த்த கட்டம் அது. எதிரே இருந்த பி.எஃப். ஆபீஸ் ஊழியர் ஒன்றும் பேசாமல் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் டிக் அடித்தார். "இங்க மட்டும் போடுங்கம்மா, மீதிய நான் எழுதிக்கறேன்." அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

எனக்கு வாய்த்ததும் அந்த ஊழியர் மாதிரியான குணம்தான் என்று அப்போது புரிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை என்பதும்.

இப்போது ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: நாமினியிடம்தான் பேசுகிறேன், கூட வந்தவரிடம் அல்ல. போன மாதம் ஒரு பெண்ணும் அவள் கொழுந்தனாரும் வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். பணத்தைத் தன் கணக்கில் போடச் சொன்னார். "நாமினி கணக்குலதான் சார் போகும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

பாலிசி போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் தாண்டியிருந்தால், காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. அதற்குள் என்றால் எர்லி கிளைம், விசாரணை உண்டு. "வீட்டுக்கு ஆள் வருவாங்க, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்து வைங்க. உங்க பேர்ல பாஸ்புக் இல்லன்னா முதல்ல அதத் திறங்க." டிக் அடித்துப் படிவத்தைத் தள்ளினேன்.

அதுவரை வாய் திறக்காதவள் கேட்டாள்: "மேடம், என் பேரு முன்னாடி எந்த இனிஷியல் போடணும்? எங்கப்பாதா, அவருதா?"

பாண்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே என்றேன். எடுத்துப் பார்த்தோம். அப்பாவுடையதுதான் இருந்தது. ஆதாரில் கணவருடையது. சரி, இரண்டும் ஒருவரே என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். அதையும் எழுதிக் கொடுத்தேன்.