லட்சத்துல ரெண்டு பேருன்னா எங்க ஊருல எத்தன பேரு?

மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்துல இருந்து ராத்திரி பஸ் ஏறி சென்னைக்கு வந்து காலைல எட்டு மணிக்கெல்லாம் கிளினிக் வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க அந்த அம்மா. வயசு 71. மடியில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பாஸ்போர்ட், டிக்கெட் பிரிண்ட் அவுட், பிரஷர் மாத்திரை அட்டை, பிரசவ மருந்துக்கு வாங்க வேண்டிய சுக்கு திப்பிலி லிஸ்ட்டு. மக நைரோபில இருக்கா, எட்டாம் மாசம் நடக்குது, பிரசவம் பாக்க அம்மா போறாங்க, அவங்க வாழ்க்கைல முதல் பிளேன் பயணம். டிராவல் ஏஜென்ட் மஞ்சள் காய்ச்சல் (yellow fever, ஆப்பிரிக்கப் பக்கம் கொசு பரப்பற நோய்) ஊசி கட்டாயம்னு சொல்லிட்டார், அவங்க ஊர் டாக்டர் இந்த வயசுல எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்கன்னு எங்ககிட்ட அனுப்பிட்டார். "கிண்டிக்குப் போனா போட்டு விட்டுருவாங்களாமே, நீ ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடும்மா, மத்தியான பஸ்ஸைப் பிடிச்சுருவேன்" அப்படின்னாங்க.

நான் எபிடெமியாலஜிஸ்ட், அதாவது எந்த நோய் யாருக்கு எவ்வளவு வருதுன்னு கணக்கு பாக்கற ஆள். வாரத்துல ரெண்டு நாள்தான் பயணிகளுக்கு ஆலோசனை சொல்ற இந்தக் கிளினிக், மத்த நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து மத்தவங்க செஞ்ச ஆய்வுகளைத் தேடி எடுத்து, சலிச்சு, ஒண்ணா சேர்த்துப் பாத்து, மொத்தத்துல இது என்ன சொல்லுதுன்னு எழுதற வேலை. சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னு சொல்லுவோம். அந்த அம்மா வந்த நேரத்துல நான் பாத்துட்டு இருந்ததும் இதே ஊசி சம்பந்தப்பட்ட பேப்பர்களைத்தான், வயசானவங்களுக்கு இதனால பெரிய பாதிப்பு எவ்வளவு வருதுங்கற கேள்வி. ஆனாலும் அவங்க கேட்ட அந்த ஒரு சீட்டை என்னால உடனே எழுத முடியல.

மஞ்சள் காய்ச்சல் ஊசி உண்மையிலேயே ஒரு அருமையான ஊசி, இதை முதல்லயே சொல்லிடறேன். மேக்ஸ் தைலர் 1937ல உருவாக்கின 17டி-ங்கற வைரஸ் வகையிலதான் இன்னிக்கும் தயாரிக்கறாங்க, அவருக்கு 1951ல நோபல் குடுத்தாங்க. உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்யற ஊசி. பொடியா வரும், கரைசல் ஊத்திக் கலக்கினா ஆறு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சத்தைக் கொட்டிடணும். போட்டதுக்கு ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க, பயணத்துல காட்டறதுக்கு, போட்ட பத்தாம் நாள்ல இருந்து அது செல்லும். ஒரு தடவை போட்டா போதும்.

இந்த "ஒரு தடவை போதும்"ங்கறதே எங்க வேலைல இருந்து வந்ததுதான், அதனால அதை சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை வரும். முன்னாடியெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும்னு சட்டம் இருந்துச்சு. 2013ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு பழைய ஆய்வுகள் எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தப்போ, 1930கள்ல இருந்து போட்ட சுமார் 60 கோடி டோஸ்ல, ஊசி போட்டும் நோய் வந்தவங்கன்னு தெரிய வந்தது மொத்தமே 12 பேர், அந்த 12 பேருக்கும் வந்தது போட்ட அஞ்சு வருஷத்துக்குள்ள. அதாவது பத்து வருஷம் ஆச்சு, சக்தி போயிடுச்சுன்னு காட்டற ஒரு கேஸ் கூட அதுல இல்ல. 2016 ஜூலை 11ல இருந்து சர்வதேச விதியே மாறி சர்டிபிகேட் வாழ்நாள் முழுக்க செல்லும்னு ஆயிடுச்சு. புதுசா ஒரு ஊசி கண்டுபிடிக்காம, பெரிய ட்ரையல் எதுவும் நடத்தாம, லைப்ரரில கிடந்த பேப்பர்களை ஒழுங்காப் படிச்சதுல மட்டும் எத்தனை கோடி ஊசி மிச்சம்! இருந்தாலும் அந்தக் கணக்கு முக்கியமா பெரியவங்களைப் பத்தினது, பச்சக் குழந்தையா இருக்கும்போது போட்டா எதிர்ப்பு சக்தி சீக்கிரமே குறையுதுன்னு பின்னாடி தெரிய வந்து பிரேசில்ல 4 வயசுல இன்னொரு டோஸ் குடுக்கறாங்க. ஒரு வரில எழுதற முடிவுக்குப் பின்னாடி அது யாரைப் பத்தின முடிவுன்னு எப்பவும் ஒரு கேள்வி இருக்கும், இந்த வேலைல நான் கத்துக்கிட்டதுல முக்கியமானது அதுதான்.

சரி, வயசானவங்க விஷயம். 2001ல தான் முதல்முறையா லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஊசில இருக்கற அந்த வைரஸே உடம்புல பெருகி, கிட்டத்தட்ட மஞ்சள் காய்ச்சல் மாதிரியே கல்லீரல், கிட்னி எல்லாம் பழுதாகி சில பேர் இறந்து போனாங்கன்னு. அதுக்கு முன்னாடி அறுபத்து சொச்சம் வருஷம் இதை ரொம்பப் பாதுகாப்பான ஊசின்னு சொல்லிட்டு இருந்தோம். அமெரிக்காவுல 2000ல இருந்து 2006 வரைக்கும் வந்த ரிப்போர்ட்டுகளை வச்சுப் போட்ட கணக்குல, இந்தப் பெரிய பாதிப்பு எல்லா வயசும் சேர்த்தா லட்சம் டோஸுக்கு 0.4, 60 முதல் 69 வயசுல 1, 70 தாண்டினா 2.3.

இந்த 2.3ங்கற நம்பரைப் பேப்பர்ல பாக்கறப்போ எவ்வளவு உறுதியா தெரியுது பாருங்க, புள்ளி மூணு வரைக்கும் இருக்கே. ஆனா அது ஒரு வகுத்தல் கணக்குதான், டாக்டர்கள் அவங்களா எழுதி அனுப்பின ரிப்போர்ட்டுகள் மேல, எத்தனை டோஸ் போயிருக்குங்கற மதிப்பீடு கீழ. 70 தாண்டினவங்க பகுதில கேஸ் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணிடலாம், ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ நம்பர் மாறிடும். ஒரு நாள் சாயங்காலம் தனித்தனிக் கேஸ் விவரங்களை எக்செல்ல ஏத்திக்கிட்டு இருந்தேன், ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதின கேஸ் ரிப்போர்ட், அறுபது தாண்டின ஒரு ஆண், ஊசி போட்டு நாலாம் நாள் காய்ச்சல், அப்புறம் மஞ்சக் கண்ணு, ஐசியூ. இதை எங்கயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தா, முந்தின வாரம் ஏத்தின தேசிய கண்காணிப்பு ரிப்போர்ட்ல அதே வயசு, அதே நாலாம் நாள், ரத்தப் பரிசோதனை நம்பர் கூட தசமப் புள்ளி வரைக்கும் அதேதான். ஒரே மனுஷன் ரெண்டு பேப்பர்ல. ரெண்டு வரியா இருந்தவரை ஒரு வரியா மாத்தி சேவ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏன்னா அவரை நான் ரெண்டு தடவை எண்ணியிருந்தா எங்கயோ ஒரு டாக்டர் அந்த நம்பரைப் பாத்து பயந்து, தேவைப்படற யாருக்கோ ஊசி வேண்டாம்னு சொல்லியிருப்பார். ஒரே வேலையை ரெண்டு பேர் ஒருத்தர் செய்யறது ஒருத்தருக்குத் தெரியாம தனித்தனியா செஞ்சு கடைசில ஒப்பிட்டுப் பாக்கணும்னு எங்க துறைல விதி வச்சிருக்கறது இதுக்குத்தான், புதுசா சேர்ற பசங்க இது வெட்டி வேலைன்னு முணுமுணுப்பாங்க, அவங்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

இப்ப அந்த அம்மாகிட்ட வர்றேன். அவங்களுக்கு நைரோபில மஞ்சள் காய்ச்சல் வர எவ்வளவு வாய்ப்பு? மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஊசி போடாம ரெண்டு வாரம் போற ஒருத்தருக்கு லட்சத்துக்கு 50 பேருக்கு நோய், 10 பேருக்கு சாவுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. அங்க போறவங்களா இருந்தா எழுபது வயசானாலும் நான் ஊசி பக்கம்தான் அதிகம் சாய்வேன். ஆனா கென்யா கிழக்குப் பக்கம், அதுலயும் நைரோபி நகரத்துக்குள்ள மட்டும் இருக்கறவங்களுக்கு பொதுவா இந்த ஊசியைப் பரிந்துரைக்கறதே இல்ல. "மக வீட்டை விட்டு வேற எங்கயாச்சும் போவீங்களாம்மா, மிருகம் பாக்கற காட்டுக்கு, வேற ஊருக்கு?"ன்னு கேட்டேன். "பிள்ள பெத்தவள விட்டுட்டு நான் எங்க போகப் போறேன் தாயி" அப்படின்னாங்க.

அப்போ ஊசியைக் கேக்கறது யாரு? கென்யா இல்ல, இந்தியால இருந்து நேரா போறவங்ககிட்ட அவங்க கேக்கறதில்ல. கேக்கறது நம்ம நாடு, திரும்பி வர்றப்போ. நோய் இருக்கற நாட்டுல இருந்து கிளம்பி ஆறு நாளுக்குள்ள சர்டிபிகேட் இல்லாம இங்க வந்து இறங்கினா தனிமைப்படுத்தி வைக்கலாம், அந்த லிஸ்ட்ல கென்யாவும் உண்டு. இதை வீண் கெடுபிடின்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பற ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பற அதே கொசுதான், நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு தேங்காச் சிரட்டைல வளருது, நம்ம மக்கள்ல கிட்டத்தட்ட யாருக்கும் இந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி கிடையாது, ஆனாலும் நோய் இதுவரைக்கும் இங்க வரல. 2016ல அங்கோலால பெரிசா பரவினப்போ அங்க இருந்து ஊருக்குத் திரும்பின 11 பேர் மூலமா அது சீனாவுக்கே போயிடுச்சு, ஆசியாவுக்குள்ள அது வந்தது அதுதான் முதல் தடவை. நல்லவேளை அங்கயே நின்னுடுச்சு. அந்த செய்தி வந்த வாரம் எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் சரியாத் தூங்கலன்னுதான் சொல்லணும்.

அதே வருஷம் காங்கோல ஊசி பத்தாம கின்ஷாசா நகரத்துல ஒரு டோஸை அஞ்சாப் பிரிச்சு எழுபது லட்சத்துக்கும் மேல ஜனங்களுக்குப் போட்டாங்க. அதுக்குக் கையில இருந்த ஆதாரம் முக்கியமா பிரேசில் ராணுவத்துல இருந்த இளைஞர்களுக்கு டோஸைக் குறைச்சுக் குடுத்துப் பாத்த ஒரு ஆய்வு. குழந்தைங்களுக்கு என்ன ஆகும், வயசானவங்களுக்கு என்ன ஆகும், எதுவும் தெரியாமத்தான் எடுத்த முடிவு, எடுத்தது சரின்னு இன்னிக்கும் நான் நம்பறேன், அப்புறம் அங்கயே ரத்தத்தை எடுத்து சோதிச்சப்போ பெரும்பாலானவங்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருந்துச்சு. ஆதாரம் பத்தலன்னு எழுதி ஃபைலை மூடிட்டுப் போறது எனக்கு சுலபம், கொசு அதுக்காகக் காத்திருக்காது இல்லையா.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படி சொல்றது? எழுபது தாண்டினா லட்சத்துல ரெண்டு பேருக்கு அந்தப் பெரிய பாதிப்பு வரலாம்மான்னு சொன்னேன். நம்ம பாஷைல ஒரு சிக்கல் இருக்கு, "லட்சத்துல ஒருத்தர்"னா அது ஒரு பாராட்டு, அவ்வளவு அபூர்வமான மனுஷன்னு அர்த்தம், அதனால பல பேருக்கு அது நம்பராவே காதுல விழாது, வராதுன்னு சொல்றாங்கன்னு எடுத்துக்குவாங்க. அவங்க அப்படி எடுத்துக்கல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "லட்சத்துல ரெண்டு பேருன்னா எங்க ஊருல எத்தன பேரு?"ன்னு கேட்டாங்க. எனக்கு சட்டுனு பதில் வரல. திருமங்கலத்துல 2011 கணக்குப்படி அரை லட்சம் பேர். மொத்த ஊரும் எழுபது தாண்டின பெரியவங்களா இருந்து எல்லாருக்கும் இந்த ஊசியைப் போட்டா ஒருத்தருக்கு வரலாம்மான்னு சொன்னேன். "ஒரு ஊருக்கு ஒருத்தரு" அப்படின்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. பத்து வருஷமா பேப்பர்ல எழுதற நம்பரை இப்படி யாரும் எனக்குத் திருப்பிக் குடுத்தது கிடையாது. அன்னிலேர்ந்து கிளினிக்ல யார் வந்தாலும் முதல்ல எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டுதான் நம்பர் சொல்றேன்.

ஒரு ஊருக்கு ஒருத்தர்ங்கறது சின்ன ஆபத்துதான், ஆனா பதிலுக்குக் கிடைக்கற பலன் நைரோபிக்குள்ள அதைவிடச் சின்னது, கிட்டத்தட்ட ஒரு முத்திரைக்காக மட்டும் போடற ஊசி. மருத்துவக் காரணத்தால போடலன்னு லெட்டர் குடுக்கலாம், ஏத்துக்கறது ஏர்போர்ட் அதிகாரி கையில. பேச்சுவாக்குல மகன் ஷார்ஜால இருக்கார்னு சொன்னாங்க, போற வழியும் துபாய்தான். எனக்கு அப்போதான் பொறி தட்டுச்சு, கணக்கு கென்யால இருந்து கிளம்பி ஆறு நாள்தானே, திரும்பறப்போ மகன் வீட்டுல பத்து நாள் தங்கிட்டு வந்தா இந்தியால பிரச்சனையே இல்லையே! "ரெண்டு வருஷமா அவனும் கூப்புடுறான்"னு சொல்லி முகமெல்லாம் சிரிப்பு. கென்யால இருந்து வர்றவங்ககிட்ட அமீரகமும் சர்டிபிகேட் கேக்கலாம், அதை மகனை முன்னாடியே விசாரிச்சு வைக்கச் சொன்னேன். லெட்டரும் எழுதிக் குடுத்தேன், கொசு கடிக்காம இருக்க மருந்து, முழுக்கை, பகல்ல தூங்கினாலும் வலை எல்லாம் சொன்னேன், டைபாய்டு ஊசி போட்டு விட்டேன்.

நாய் பத்தியும் சொன்னேன், இதை யாருமே கேக்க மாட்டாங்க. ஜப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி வேணும்னு பல பேர் வருவாங்க, அது பத்து லட்சம் பயணிகள்ல ஒருத்தருக்கும் குறைவா வர்றது. ரேபிஸ் ஆபத்து இருக்கற நாடுகளுக்குப் போறவங்கள்ல மாசத்துக்கு ஆயிரத்துல நாலு பேரை நாயோ குரங்கோ கடிக்குது, பிராண்டுது, அதுவும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து வந்த கணக்குதான். கோடை லீவுக்கு வெளிநாட்டுல இருந்து பசங்களைக் கூட்டிட்டு ஊருக்கு வர்ற நம்ம குடும்பங்கள்தான் இதுல ரொம்பக் கவலைப்படுத்தறாங்க, நம்ம ஊர்தானே, எதுக்கு ஊசின்னு ஒருத்தரும் முன்கூட்டி டாக்டர்கிட்ட போறதில்ல. அங்கயே பொறந்து வளர்ந்த குழந்தைக்கு தெருநாயைத் தடவக் கூடாதுன்னு யார் சொல்லிக் குடுத்தா, சொல்லுங்க.

நாலு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. பேரன் பொறந்திருக்கான், சுகப்பிரசவம். ஷார்ஜால பன்னெண்டு நாள் இருந்துட்டு சென்னைல இறங்கியிருக்காங்க, ஹெல்த் கவுண்டர்ல இருந்த பையன் பாஸ்போர்ட்ல கென்யா முத்திரைத் தேதியைப் பாத்து விரல் விட்டு எண்ணிட்டு "போங்க பாட்டி"ன்னு அனுப்பிட்டானாம், என் லெட்டரை வெளியவே எடுக்கலையாம். சொல்லிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாங்க. தை மாசம் மக குழந்தையைத் தூக்கிட்டு ஊருக்கு வர்றா, குலதெய்வம் கோயில்ல மொட்டை போடணும், பிள்ளைக்கு அந்த ஊசி போடணுமா வேண்டாமா? ஒன்பது மாசத்துக்கு முன்னாடி பொதுவா போடற ஊசி இல்ல அது. குழந்தை பொறந்த தேதி என்னம்மான்னு கேட்டுட்டு சுவத்துல இருந்த காலண்டரைக் கழட்டி மேசைல வச்சு எண்ண ஆரம்பிச்சேன்.