லோடு 43, சிபியு சும்மா

எட்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும் சிபியு உள்ள லினக்ஸ் சர்வர் ஒன்று. லோடு ஆவரேஜ் 40-ஐத் தாண்டினால் அலாரம் அடிக்கும். நள்ளிரவில் அடித்தது. நான் உள்ளே நுழைந்தபோது 43. நிலவரம் காட்டும் ‘டாப்’ கமாண்டைப் போட்டால் சிபியு 96 சதவீதம் ஐடில். “அண்ணா, கோர் ஏத்தச் சொல்லலாமா?” என்றான் ஷிஃப்டில் இருந்த தம்பி. இருக்கிற எட்டே சும்மா கிடக்கிறது, இன்னும் எதற்கு?

சிபியு பயன்பாடு நேரக் கணக்கு: கோர்கள் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தன என்பது. லோடு தலைக்கணக்கு: ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற ப்ராசஸ்கள் (கிளப்பிவிட்ட புரோகிராம்கள்) எத்தனை என்பது. லினக்ஸில் இன்னொரு கூட்டமும் இதில் சேரும். ‘டி’ நிலையில், பெரும்பாலும் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கோ காத்துக்கொண்டு, அசையாமல் நிற்பவை. 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் லினக்ஸுக்கு அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்) செய்த வேலை அது. மெமரி போதாதபோது உதவும் ஸ்வாப் டிஸ்க்கில் வேகமானதை எடுத்துவிட்டு மெதுவானதை மாட்டினால், டிஸ்க்குக்குக் காத்திருப்பவை கணக்கில் வராததால் லோடு குறைகிறதே, இது சரியா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நள்ளிரவில் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

சரி, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ போட்டு டி நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டினேன். வரிசையாக ‘டிஎஃப்’, டிஸ்க்கில் மிச்ச இடம் சொல்லும் கமாண்ட். என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் இருந்து மவுண்ட் செய்து இணைத்திருந்த ஸ்டோரேஜ் பதில் சொல்லவில்லை. எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்டை, நேரப்படி வேலைகளைக் கிளப்பும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை கிளப்ப, ஒவ்வொரு டிஎஃப்-உம் போய் அங்கேயே நின்றுவிட்டது. லோடும் நிமிடத்துக்கு ஒன்றாக ஏறியிருக்கிறது.

ஸ்டோரேஜ் எழுந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. லோடு மட்டும் உடனே இறங்கவில்லை. “இன்னும் பிரச்சினை இருக்கா?” என்றான். இல்லை. பழைய கணக்கு மெல்லத் தேய்கிற சராசரி அது; 1, 5, 15 நிமிடம் என மூன்று எண்களாக வரும். ஒரு நிமிட எண்ணிலேயே ஒரு நிமிடம் கழித்தும் பழையதில் 37 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும். 15 நிமிட எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் வீடியோ என்கோடிங் மெஷினும் எட்டு கோர்தான். சிபியு 100 சதவீதம், லோடு 8. வரிசையில் யாரும் காத்திருக்கவில்லை, காசுக்கேற்ற வேலை நடக்கிறது. அதற்கு வைத்திருந்த சிபியு அலாரத்தை எடுத்துவிட்டேன்.

இந்த சர்வரின் லோடு அலாரத்தை எடுக்கவில்லை. டி நிலையில் எத்தனை ப்ராசஸ் என்பதும் செய்தியிலேயே சேர்ந்து வரும்படி மாற்றினோம். அப்புறம், டிஎஃப் ஸ்கிரிப்ட்டுக்கு எஃப்லாக் என்ற பூட்டு போட்டாயிற்று. முந்தையது முடியாமல் அடுத்தது கிளம்பாது.