மாரிக்கு முதல் சீனிக்கு ஒரு படுக்கை

கல்லடியில மாரி துவங்கினா வீட்டு சீமெந்து நிலம் எல்லாம் ஈரம் கசிஞ்ச மாதிரித்தான் கிடக்கும், எங்கட பூனை சீனி அந்த நேரம் ஃபிரிட்ஜுக்கு மேலயும் ஆக்கள்ட மடியிலயும்தான் படுக்கிறது. பூனைட உடம்புச் சூடு 38, 39 பாகை இருக்கும், அதுக்கு சும்மா சுகமா இருக்கவே சுத்துவர 30 பாகைக்கு மேல வேணும், அதால நமக்கு நல்ல குளிர்ச்சி எண்டு தெரியிற மார்கழி ராவு அதுக்கு மெய்யான குளிர். இத வாசிச்ச பிறகுதான் படுக்கை அடிச்சே ஆகணும் எண்டு முடிவெடுத்தன்.

யூடியூப்ல காட்டுற புசுபுசு ரோமத்துணி படுக்கை நம்மட ஊருக்கு சரிவராது, மழைக்க கழுவினா காயாது, மணக்கும். எனக்கு வேண்டினது மூண்டே மூண்டு, நிலத்துல முட்டக்கூடாது, உறை கழட்டிக் கழுவ ஏலணும், வீட்டு ஆக்கள்ட மணம் அதுல இருக்கணும்.

பழக்கடையில ஒரு மரப்பெட்டி வாங்கி ஆணியெல்லாம் பிடுங்கி சாண்ட் பேப்பர் போட்டு தேய்ச்சன். 18க்கு 14 அங்குலம், சுவர் 8 அங்குலம், முன்பக்கம் மட்டும் 3 அங்குலமா அறுத்து விட்டன். பூனை முதுக ஒரு பக்கம் சாச்சுக்கொண்டு வாசலப் பாத்துத்தான் படுக்கும், அதால மூண்டு பக்கம் உசரம் தேவை. கீழ 4 அங்குலக் கட்டை நாலு அடிச்சதால காத்து போகுது. பெயின்ட், வார்னிஷ் ஒண்டும் பூசல்ல, பூனை எல்லாத்தையும் நக்கும்.

அடியில பழைய பன்பாய் துண்டு, அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சு லேசில தண்ணி குடிக்காது, மாரிக்கு அத விட நல்லது வேற இல்ல, ஆனா கழுவினா கட்டி கட்டியாகிடும், வெயில் கண்டா போட்டுத் தட்டுறதுதான்.

உறைக்கு அப்பாட பழைய மருதமுனை சாறன். கைத்தறித் துணி, நெருக்கமா நெஞ்சது, நகம் போட்டாலும் லேசில கிழியல்ல, கன வருஷம் கழுவிக் கழுவி பஞ்சு மாதிரி ஆகியிருந்திச்சு. சாறன் ஏற்கனவே சுத்தித் தைச்சதுதானே, தேவையான அளவு வெட்டி ஒரு பக்கத்த தைச்சு மறுபக்கத்த தலகாணி உறை மாதிரி உள்ளுக்க மடிச்சு விட்டன், அதோட வேலை முடிஞ்சிது. ரெண்டு உறை வந்திச்சு, ஒண்டு கொடியில காய மத்தது பெட்டியில.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், ரிப்பன், நாடா, தொங்கல் நூல் ஒண்டும் வைக்க வேணாம். பூனை நாக்கு முள்ளு எல்லாம் உள்பக்கம் பாத்துத்தான் இருக்கு, வாயில நூல் மாட்டினா துப்ப ஏலாம விழுங்கிடும், அது குடல இழுத்துச் சுருக்கினா ஒபரேஷன் வரைக்கும் போகும், உயிரும் போகலாம். தையல் முனையெல்லாம் ஒட்ட வெட்டினன். பூச்சி உருண்டையும் கிட்ட வைக்காதீங்க, அது பூனைக்கு நஞ்சு.

முதல்ல ஹோல் மூலைல வெச்சன், மணந்து பாத்துட்டு போயிட்டுது. மறுகா அது வழமையா பதுங்குற அலுமாரிப் பக்கத்துக்கு மாத்தி, அம்மா ரெண்டு நாள் உடுத்த, கழுவாத சட்டை ஒண்ட உள்ளுக்க போட்டன். அண்டைக்கு ராவே ஏறி, முன்னங்காலால மிதிச்சு மிதிச்சு சுருண்டுட்டுது. அம்மா பாத்துட்டு, "மனே, என்ட சட்டைய இனி அதுக்கே விடு" எண்டா.

தெள்ளு முட்டை பூனைல இருந்து படுக்கைலதான் கொட்டும், அதால உறைய நல்ல சுடுதண்ணில கழுவுறன், ஆனா உறையயும் சட்டையயும் ஒரே நாள் கழுவுறல்ல, மணம் முழுசா போனா திரும்பப் பழக்கணும்.

இப்ப பக்கத்து வீட்டு மாமிட பூனை வயித்தோட, அவக்கும் ஒண்டு அடிக்கிறன். குட்டி விழாம முன்பக்கம் 6 அங்குலம் விட்டு, மெத்தை இல்லாம பருத்தித் துணி மட்டும் தட்டையா மடிச்சுப் போடப் போறன், கண் முழிக்காத குட்டி மெத்தை மடிப்புக்க புதைஞ்சா மூச்சு முட்டும்.